மாமியாருக்கு மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை

நாற்பத்தெட்டு வயதில், கல்யாணமான மகனை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்று "நீங்க கர்ப்பமா இருக்கீங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும் என்று எந்த ஜோசியக்காரனும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டவர் மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய மனிதர், அந்த மருந்தகத்தின் தலைமை மருந்தாளுநர். முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆட்கள் எல்லாம் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஏனுங்க, நான் மாமியாருங்க" என்றேன்.

"மாமியாரா இருந்தாலும் கேக்கணுமுங்கம்மா. இந்த மருந்துக்கு அப்படித்தான்."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் மெல்ல நகர்ந்து போய், சுவரில் ஒட்டியிருந்த கண்தான விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார். முப்பது வருஷமாகப் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டும் மனிதர். மிஷினில் நூல் அறுந்தால் ஒரு நொடியில் ஓடிப்போய் நிற்பார். நான் மாட்டிக்கொண்டால் மட்டும் இப்படித்தான் விளம்பரம் படிப்பார்.

இந்த நோய் யாருக்கும் வர வேண்டாம். வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்காகவும், அந்தக் கவுண்டரில் என்னைப் போலக் கோபப்பட்டு நிற்கப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஈஸ்வரி. திருப்பூர் ராயபுரத்தில் வீடு. பெருமாநல்லூர் போகும் வழியில், கைக்குழந்தைகளுக்கு உடுப்பு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. நான் இருப்பது நீடில் கவுண்டர். தையல் மிஷினில் ஊசி உடைந்தால் டெய்லர் என்னிடம்தான் வர வேண்டும். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கைக்கு வந்து, ஒட்டிப் பார்த்து முழு ஊசியாகச் சேர்ந்தால்தான் புது ஊசி கொடுப்பேன். நுனி மட்டும் கிடைக்கவில்லை என்றாலும் கிடையாது. அந்த மிஷினைச் சுற்றியுள்ள துணியெல்லாம் இரும்பைக் கண்டுபிடிக்கிற மிஷினுக்குள் போய் வர வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கு அதுவரை கை சும்மா இருக்கும், வயிறு எரியும். தமிழில் திட்டுவார்கள், இந்தியில் திட்டுவார்கள். நான் அசைய மாட்டேன். எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் முதுகில் அந்த நுனி குத்தக் கூடாது, அவ்வளவுதான் என் வேலை.

நோய் முதலில் விலா எலும்பு வலியாகத்தான் வந்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிற உடம்பு, வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று தைலம் தேய்த்துக்கொண்டேன். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பக்கத்துத் தெரு டாக்டர் ரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, களைப்பு தீரவில்லை. ஒரு நாள் கீழே இருந்த ஒரு சின்னப் பண்டலைத் தூக்கக் குனிந்தேன். முதுகில் சுளீர் என்று ஒன்று விட்டுப்போனது. நிமிர முடியவில்லை. எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. பத்துத் துணிகூட இல்லாத பண்டல் அது.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வெளிநோயாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு தனி வேலை. டோக்கன் எண் எரியும் பலகையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும். ரத்தம் ஒரு இடம், சிறுநீர் ஒரு இடம், ஸ்கேன் வேறொரு கட்டடம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் ஓடிப்போய் வழி பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என்னைக் கூட்டிப்போவார். நான் ஒரு தரம் நடந்த தூரத்தை அவர் மூன்று தரம் நடந்தார்.

எலும்பு மஜ்ஜை பரிசோதனை என்று ஒன்று செய்தார்கள். இடுப்பு எலும்பை மரத்துப்போகச் செய்து, தடித்த ஊசி ஒன்றை உள்ளே இறக்கி, எலும்புக்குள் இருக்கும் கூழை உறிஞ்சி எடுப்பார்கள். மரத்துப்போன இடம் வலிக்காது, உறிஞ்சும்போது மட்டும் உயிரே வெளியே வருகிற மாதிரி ஒரு இழுப்பு இருக்கும். முடிந்ததும் நான் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "ஊசி முழுசா வெளிய வந்துருச்சுங்களா?" அவர் சிரித்துவிட்டு ஊசியைக் காட்டினார். தொழில் புத்தி எங்கே போகும்.

முடிவு வந்த அன்று அந்த டாக்டரே உட்காரவைத்துச் சொன்னார். எலும்புக்குள் ரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. அதில் ஒரு வகை, கிருமியை எதிர்க்கும் பொருளைச் செய்கிறது. எனக்கு அந்த வகை அணு ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடம் இல்லாமல் செய்கிறது. எலும்பை அரிக்கிறது. அது செய்து தள்ளுகிற உபயோகமில்லாத புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது. மைலோமா என்று பெயர்.

"இது புத்துநோய்தானுங்களே?" என்றேன்.

"ஆமாங்கம்மா. முழுசா போயிரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வெச்சுட்டு ரொம்ப நாளைக்கு ஓட்டலாம். இப்ப நல்ல மருந்தெல்லாம் இருக்குதுங்க."

முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. வெளியே வந்ததும் வீட்டுக்காரர் காபி வாங்கி வந்தார். இரண்டு பேரும் குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது. பேரன் பேத்தி பார்க்காமல் போய்விடுவேனோ என்பதுதான் முதல் நினைப்பு.

அந்த நினைப்புக்குக் காரணம் இருக்கிறது. என் மகன் கார்த்தி காதலித்துக் கட்டிக்கொண்டவள் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மண்ணரையில் லைன் வீட்டில் இருக்கிற குடும்பம். வேதக்காரர்கள். நாங்கள் தலைமுறையாக முருகனைக் கும்பிடுகிற தறிக்கார வம்சம். முதல் வருஷம் நான் அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பேசினேன். ஆனால் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. நான் சிவன்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டேன், அவளுடைய அம்மா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். இரண்டு பக்கத்திலும் பதில் இல்லை. அவளும் சில டாக்டர்களைப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தாள்.

சிறுநீரகம் கெட்டிருந்ததால் என்னை வார்டில் சேர்த்தார்கள். கையில் டிரிப்பு, வாரத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி. ஸ்டீராய்டு மாத்திரை போட்ட நாளில் தூக்கம் வராது. படுத்தபடி எதிர்க் கட்டில் அம்மாவின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பகலில் என் வீட்டுக்காரர் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து தலை வாரிப் பின்னிவிடுவார். மூன்று கால் போட்டுப் பின்ன வரவில்லை அவருக்கு. முறுக்கிக் கயிறு மாதிரி கட்டிவிடுவார். நர்சுகள் வந்து பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆனால் உடம்பைத் தொட்டுச் செய்ய வேண்டிய காரியம் எல்லாம் ஸ்டெல்லாதான் செய்தாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். துடைத்துவிட்டாள், துணி மாற்றினாள், வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் பாத்திரம் பிடித்தாள்.

"நீ எதுக்கு கண்ணு இதெல்லாம் பண்றே, நர்ஸம்மா பாத்துக்குவாங்க" என்பேன்.

"சும்மா கெடங்க அத்தை. எங்கம்மைக்குன்னா செய்ய மாட்டேனா? இந்த ஒரு வாய் கஞ்சி குடிச்சிருதியளா, நான் வேற ஒண்ணும் கேக்கல" என்பாள்.

நான் அவளுடைய மீன் குழம்பு வாசனை வெளியே போகட்டும் என்று ஒரு காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தவள். அதை இங்கே சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

சிறுநீரகம் தேறியது. வீட்டுக்கு அனுப்பும்போது ஊசியோடு சேர்த்து ஒரு காப்ஸ்யூல் எழுதினார் டாக்டர். லெனலிடோமைடு. மூன்று வாரம் தினம் ஒன்று, அப்புறம் ஒரு வாரம் இடைவெளி, அது ஒரு சுற்று; மறுபடி அடுத்த சுற்று. நோயை அடக்கப்போகிற மருந்து இதுதான் என்றார். அதை வாங்கப் போன இடத்தில்தான் அந்தக் கர்ப்பக் கேள்வி.

தலைமை மருந்தாளுநர் நிதானமாக விளக்கினார். பல காலத்துக்கு முன்பு வெளிநாடுகளில் வாந்திக்கு நல்லது என்று ஒரு மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைகளுக்குக் கையும் காலும் சரியாக வளரவில்லை. இந்தக் காப்ஸ்யூல் அந்த மருந்தின் வம்சத்தில் வந்தது. நோய்க்கு நல்ல மருந்து, வயிற்றுக் குழந்தைக்கு விஷம். அதனால் எல்லாக் கடையிலும் விற்க விடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மருந்தகம் முதலில் பதிவு செய்ய வேண்டும். அங்கே பொறுப்பான மருந்தாளுநர் ஒருவர் அதற்கென்று பயிற்சி எடுத்துத் தேறி, அவர் பெயரில் சான்று வர வேண்டும். நோயாளிக்கு எல்லாம் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதவிலக்கு நின்று ரொம்ப நாள் ஆகாத பெண் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கர்ப்பப் பரிசோதனை. ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகு, ஒரு சுற்றுக்கு உண்டானதை மட்டும் கொடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

எனக்கு மாதவிலக்கு இன்னும் முழுதாக நிற்கவில்லை. அதனால் மாமியாரான நான் சிறுநீர் டம்ளரை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர், "ஈசு, இல்லையாமா" என்றார், மெல்லிய குரலில். "ஏன், உங்களுக்குச் சந்தேகமா?" என்று கேட்டேன். மறுபடி கண்தான விளம்பரத்துக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு அந்தப் பெரியவர் இன்னும் நிறைய சொன்னார். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் போட வேண்டும், கால் வீங்கினால் உடனே வர வேண்டும், காப்ஸ்யூலைத் திறக்கவோ மெல்லவோ கூடாது, வீட்டில் கர்ப்பமான பெண்கள் அதைத் தொடக் கூடாது. மானம் போய்க்கொண்டிருந்த அவசரத்தில் அதில் பாதி என் காதில் ஏறவில்லை. ஏறினதிலும், நம் வீட்டில் யார் கர்ப்பம் என்று ஒரு பெருமூச்சோடு விட்டுவிட்டேன்.

சில சுற்றுகள் ஒழுங்காக ஓடின. மருந்து கேட்டது. வலி குறைந்தது, ரத்தத்தில் அந்த வேண்டாத புரதம் இறங்கிக்கொண்டே வந்தது. பாதி நாள் வேலைக்கு நீடில் கவுண்டருக்குத் திரும்பிப் போனேன். செலவும் இருந்தது. காப்பீட்டு அட்டை தாங்கியது போக மிச்சத்துக்கு என் வீட்டுக்காரர் இரண்டு ஷிஃப்ட் பார்த்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் ஒரு மாதம் மருந்து வாங்கப் போனபோது, கவுண்டரில் பெரியவர் இல்லை. பணி ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிற நித்யா என்ற பெண் இருந்தாள். என் மகன் வயதுதான் இருக்கும். ரத்தப் பரிசோதனை சரி, மாமியார் பரிசோதனை சரி, சீட்டு சரி. அவள் கையைப் பிசைந்தாள்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. இந்த மருந்தை இப்ப நான் தர முடியாதுங்க."

"ஏன் கண்ணு, ஸ்டாக் இல்லியா?"

"இருக்குதுங்க. ஆனா எம்பேர்ல இன்னும் சான்று வரலை. பயிற்சி போயிட்டிருக்கு. முடியற வரைக்கும் இந்த மருந்தை நான் தொடக் கூடாதுங்க."

"நீதானே அவரு பக்கத்துலயே நின்னே? என்னென்ன கேக்கோணும்னு உனக்கு மனப்பாடமா தெரியுமே!"

"தெரியுமுங்க. தெரிஞ்சா மட்டும் போதாதுங்கம்மா."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எங்கள் கம்பெனியில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். 'நுனி எங்க விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும்க்கா, துணியில விழலை' என்று சத்தியம் செய்யும் டெய்லரிடம், தெரிஞ்சா போதாது, கையில கொடு என்பேன். அதே வார்த்தையை அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போது அது எவ்வளவு கசப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதிவு செய்த வேறு மருந்தகம் சென்னையில் இருக்கிறது, அங்கிருந்து வரவழைத்தாலும் இதே அளவு நாள் ஆகும் என்றாள். டாக்டரிடம் தானே பேசிவிட்டு வந்து, சில நாள் தள்ளினால் பெரிய பாதகம் இல்லை என்று அவர் சொன்னதாகச் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

சில நாள் என்று சொல்வது சுலபம். அந்த அணு என் எலும்புக்குள் மறுபடி பெருகிக்கொண்டிருக்கிறது என்று உட்கார்ந்தாலும் நின்றாலும் தோன்றியது. விலாவில் ஒரு சின்னப் பிடிப்பு வந்தாலும் வந்துவிட்டது என்று நினைப்பேன். போதாததற்குக் காய்ச்சல் வந்து தொண்டையெல்லாம் புண். எச்சில் விழுங்கவே முடியவில்லை. நான் அழுததை வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

திருப்பூரில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனியில் நூல் தீர்ந்துவிட்டால் பக்கத்துக் கம்பெனியில் வாங்கிக்கொள்வோம். பட்டன் வரவில்லையா, தெரிந்த ஆளுக்கு ஒரு போன். அட்ஜஸ்ட்மெண்ட் என்று பெயர். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு இதற்காக நின்றதாகச் சரித்திரம் இல்லை. அட்ஜஸ்ட்மெண்ட் செய்யத் தெரியாதவன் இந்த ஊரில் பிழைக்க முடியாது. அந்த வழக்கப்படிதான் ஸ்டெல்லா யாரிடமும் சொல்லாமல் காரியத்தில் இறங்கினாள். மருந்துக் கடையில் வேலை செய்யும் ஒரு சொந்தக்காரப் பையன், அவனுக்குத் தெரிந்த வேறொரு கடை என்று கை மாறி, ஒரு சாயங்காலம் மருந்தோடு வந்து நின்றாள்.

"அத்தை, கெடச்சிட்டு! அதே மருந்துதான், பேரெல்லாம் கேட்டுத்தான் வாங்கினேன்" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "தொண்டைப் புண்ணுக்கு முழுங்கக் கஷ்டப்படுவியள்லா, நான் பிரிச்சுத் தேன்ல கொழச்சுத் தாரேன்."

ஒரு கிண்ணத்தில் தேன் ஊற்றினாள். காகிதக் கவரிலிருந்து காப்ஸ்யூல் ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, திருகித் திறக்கப் போனாள்.

என் கண் கவரின் மேல் போனது. அட்டை இல்லை, பெயர் இல்லை, எந்தத் தயாரிப்பில் வந்தது என்று சொல்லும் லாட் நம்பர் இல்லை. உதிரிக் காப்ஸ்யூல்கள். எங்கள் கம்பெனிக்கு ஊசி இப்படி வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? டப்பா பிரித்த ஊசியை நான் கவுண்டருக்குள்ளேயே விடுவதில்லை.

"வை கண்ணு அதை" என்றேன்.

"என்னத்தை?"

"திறக்காதே. கவர்ல போட்டு வை. லூசா வர்றதை நான் வாங்கறதில்லை."

"இது ஊசி இல்ல அத்தை, மருந்து!"

"ரெண்டும் ஒண்ணுதான். எங்கிருந்து வந்துதுன்னு தெரியாதது எனக்கு வேண்டாம்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. கார்த்தி என்மேல் பாய்ந்தான். "அவ எத்தனை பேருகிட்டக் கெஞ்சி வாங்கிட்டு வந்திருக்கறான்னு தெரியுமாம்மா? உங்களுக்கு எப்பவும் உங்க ரூல்தான்!" என்றான். என் வீட்டுக்காரர்கூட, ஒரு தடவைக்குச் சாப்பிட்டால் என்ன என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தேனை வாங்கிக் குடித்திருப்பேன், அவ்வளவு பயம் எனக்கு.

ஸ்டெல்லா கவரைச் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அழுதாள். அடுத்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவாள். என்மேல் உள்ள வருத்தம் என்றுதான் நினைத்தேன். அது எனக்கு நோயைவிட உறுத்தியது.

ஒரு காலையில் நித்யாவிடமிருந்து போன் வந்தது. "அம்மா, எம்பேர்ல சான்று வந்துருச்சுங்க. நீங்கதான் முதல் ஆளு. இன்னைக்கே வாங்க." வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட். ஸ்டெல்லாதான் கூட வந்தாள். உதிரிக் காப்ஸ்யூல் டப்பாவையும் எடுத்துக்கொண்டோம், என்ன செய்வது என்று கேட்பதற்காக. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே வந்தாள்.

நித்யா கையுறை மாட்டியிருந்தாள். பெரியவர் கேட்டதையெல்லாம் அதே வரிசையில் கேட்டாள். என் பரிசோதனையைப் பார்த்தாள். அதோடு கொடுத்துவிடுவாள் என்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"வீட்ல உங்களுக்கு மருந்து எடுத்துக் குடுக்கறது யாருங்கம்மா?"

"இவதான், எம் மருமக."

"வீட்ல யாராவது கர்ப்பமா இருக்காங்களா? இல்லே, ஆகறதுக்கு வாய்ப்பு இருக்கறவங்க?"

"இல்லே கண்ணு" என்றேன் பழக்கத்தில். நாலு வருஷமாகச் சொல்லி வந்த பதில் அது.

பின்னாலிருந்து ஸ்டெல்லா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை... நாள் தள்ளிப்போயிருக்கு. நேத்து வீட்லயே குச்சி வச்சுப் பாத்தேன். ரெண்டு கோடு வந்துச்சு. போன தடவ மாதிரிப் பொய்யாப் போயிரக்கூடாதுன்னு ஒருத்தர்ட்டயும் சொல்லல, அவுககிட்டகூட."

நித்யாவின் கை, நீட்ட வந்த அட்டையை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அப்புறம் அவள் ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னாள், "அக்கா, நீங்க இனிமே இந்த மருந்தைத் தொடவே கூடாதுங்க. முக்கியமா, திறக்கவே கூடாது. உள்ள இருக்கற தூள் தோல்ல பட்டாலோ மூச்சுல போனாலோ குழந்தைக்கு ஆபத்துங்க."

ஸ்டெல்லா தன் விரல்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தேன் கிண்ணமும் அந்த இரண்டு விரலும் என் கண் முன்னால் வந்தன. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நித்யா சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். திறந்தீங்களா, உடைஞ்சுதா, தூள் எங்கேயாவது பட்டுச்சா என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். டப்பாவை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் முழுசாக இருந்தன. அதன் பிறகுதான் அவளும் மூச்சு விட்டாள். அழிக்க வேண்டிய மருந்துகளுக்கான பெட்டியில் அந்த டப்பாவைப் போட்டுப் பூட்டினாள். எங்களை அப்படியே மகப்பேறு டாக்டரிடம் அனுப்பினாள். மூடின காப்ஸ்யூலைத்தான் தொட்டாள், கையும் கழுவியாயிற்று என்பதால் பயப்பட ஒன்றும் தெரியவில்லை, இருந்தாலும் கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்றார் அந்த டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க மட்டும் அன்னைக்கு ஏசலைன்னா அத்தை..." என்று ஆரம்பித்தாள்.

"நான் எங்கே கண்ணு ஏசுனேன்? லாட் நம்பர்தானே கேட்டேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம். கண்டக்டர் டிக்கெட் கேட்கத் தயங்கி நின்றார்.

அன்றிலிருந்து மருந்து என் வீட்டுக்காரர் பொறுப்பு. நித்யா சொல்லித்தந்தபடி அலமாரியில் தனியாக வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். தொண்டைப் புண் ஆறியதும் நானே முழுசாக விழுங்கினேன். என் புரதம் மறுபடி இறங்கியது. ஸ்டெல்லாவின் வயிறு ஏறியது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நான் கூடப் போனேன். முன்பு டோக்கன் பலகையைப் பார்த்துப் பார்த்து வெறுத்த அதே கூடம்தான், அப்போது அது அவ்வளவு கெட்ட இடமாகத் தெரியவில்லை.

பெண் குழந்தை. துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். சுற்றிய துணியைப் பிரித்தேன். கைவிரல்களை எண்ணினேன், கால்விரல்களை எண்ணினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொல்லியும் கேட்காமல் இன்னொரு தரம் எண்ணினேன். இத்தனை வருஷமாக முகம் தெரியாத யார் யார் வீட்டுக் குழந்தைகளுக்காகவோ நான் ஊசி நுனியைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்தக் குழந்தைக்கு முகமே உண்டாகாத நாளில், இவளுக்காக ஒரு கவுண்டரில் ஒரு பெண் எனக்கு மருந்து தர மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். அவளை நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேனே.

அடுத்த சுற்று மருந்துக்கு இனிப்பு டப்பாவோடு போனேன். வரிசையில் நல்ல கூட்டம். நித்யா ரத்தப் பரிசோதனையைப் பார்த்தாள், ஆஸ்பிரின் போடுகிறேனா என்று கேட்டாள், கால் வீக்கம் கேட்டாள். அப்புறம் என் பின்னால் நின்ற ஆண்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அம்மா, அது... கேக்கணுமுங்க" என்று இழுத்தாள்.

"எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சத்தமாவே கேளு கண்ணு" என்றேன். "ஒண்ணு விடாமக் கேளு."